உருளைக்கிழங்கா, சர்க்கரைவள்ளியா: சத்தில் எது மேல்?

கேள்வி இது: "எடை குறைய உருளைக்கிழங்கை விட்டுவிட்டுச் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு மாறச் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பெயரிலேயே சர்க்கரை இருக்கிற கிழங்கை அவர் சாப்பிடலாமா? சிறுநீரகத்தையும் கவனித்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. உண்மையில் இரண்டில் எதுதான் சத்தானது?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஏ ஒன்றைத் தவிர, வேறு எதிலும் இந்த இரண்டு கிழங்குகளுக்கும் பெரிய இடைவெளி கிடையாது. அந்த ஒன்றில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதுவும் வெட்டினால் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கிற வள்ளிக்குத்தான் அந்தப் பெருமை. மற்றபடி உங்கள் உடம்புக்கு நன்மையா கெடுதலா என்பதை அடுப்பில் நடக்கிற வேலைதான் முடிவு செய்கிறது. பல வருடங்களாக உணவு ஆலோசனை சொல்லிவருகிறேன். உருளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, வள்ளியை மருந்துபோல் கொண்டாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இவை உறவினர்கள் அல்ல. உருளை தக்காளி, கத்தரி குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் பருத்த தண்டு அது. அதன் மேல் இருக்கும் 'கண்'கள் தண்டின் மொட்டுகள், அங்கிருந்துதான் முளை கிளம்புகிறது. வள்ளி பருத்த வேர், காலையில் பூக்கும் அந்த ஊதாப் புனல் பூக்களின் குடும்பம். ஆனாலும் இரண்டும் செய்கிற வேலை ஒன்றே: செடி தனக்காக மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிற கிடங்கு. அதனால்தான் அடிப்படைக் கணக்கு இவ்வளவு ஒத்துப்போகிறது.

அமெரிக்க வேளாண்துறையின் உணவுச்சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் 77 கலோரி, வள்ளியில் 86. மாவுச்சத்தும் சர்க்கரையும் நார்ச்சத்தும் சேர்ந்த மொத்தக் கார்போஹைட்ரேட் உருளையில் 17.5 கிராம், வள்ளியில் 20 கிராம். அதில் நார்ச்சத்து மட்டும் 2.1 கிராம், 3 கிராம். புரதம் 2 கிராம், 1.6 கிராம். கொழுப்பு இரண்டிலும் இல்லை என்றே சொல்லலாம். வள்ளிக்கு மாறினால் கலோரி குறையும் என்று நம்புகிறவர்கள் முதல் இரண்டு எண்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். குறைவாக இருப்பது உருளையில்தான், அதுவும் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு.

இப்போது வைட்டமின் ஏ. உருளையில் அது பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு வள்ளியில் 100 கிராமுக்கு சுமார் 8,500 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. இதை நம் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தால் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்கும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 கிராம் கிழங்கில் சுமார் 700 மைக்ரோகிராம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 700, ஆணுக்கு 900. அதாவது நடுத்தர அளவில் ஒரே ஒரு கிழங்கு ஒரு நாள் கணக்கை முடித்துவிடும். இவ்வளவு சாதாரண விலையில், இவ்வளவு நாள் கெடாமல் இருந்து, இவ்வளவு வைட்டமின் ஏ தரும் உணவுகள் மிகக் குறைவு.

ஆனால் கிழங்கை வெட்டிப் பார்க்காமல் இதை நம்பிவிடக் கூடாது. தோலின் நிறம் ஏமாற்றும். சிவந்த தோலோடு இருக்கும் கிழங்கு உள்ளே பால் வெள்ளையாக இருக்கலாம், மங்கலான தோலுக்குள் ஆழ்ந்த ஆரஞ்சு இருக்கலாம். நுனியில் ஒரு சின்னத் துண்டு சீவிப் பாருங்கள். ஆரஞ்சு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பீட்டா கரோட்டின். உள்ளே வெள்ளை என்றால் வைட்டமின் ஏ கணக்கில் அது ஏறக்குறைய உருளைக்கிழங்குதான். கருநீல ஊதா வகையில் இருப்பது ஆந்தோசயனின் என்ற வேறு நிறமி. அதுவும் நல்லதுதான், ஆனால் வைட்டமின் ஏ-ஆக மாறாது. இந்த வெள்ளை, ஆரஞ்சு வித்தியாசம் வெறும் அட்டவணைச் சமாச்சாரமும் இல்லை. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மக்கள் காலங்காலமாகச் சாப்பிட்டது வெள்ளை வள்ளி. அங்கே குழந்தைகளிடம் வைட்டமின் ஏ குறைபாடு பரவலாக இருந்தது. பெரு நாட்டில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைச் சேர்ந்த மரியா ஆண்ட்ரேட், ராபர்ட் ம்வாங்கா, ஜான் லோ ஆகியோர் மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் ஆரஞ்சு வகைகளைப் பெருக்கி, அவற்றை மக்கள் விரும்பிச் சாப்பிடும்படி செய்தார்கள். ஊட்டச்சத்து மிகுந்த பயிர்களை உருவாக்கும் திட்டத்தை நடத்திய ஹோவர்த் பூயிஸோடு சேர்த்து அவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஒரு கிழங்கின் உட்புற நிறத்தை மாற்றியதற்கு உலகப் பரிசு என்றால், அந்த நிறம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. தண்ணீரில் வேகவைத்து அப்படியே தின்றால் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் போய்விடும். அந்த வேளைச் சாப்பாட்டில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ, ஒரு முட்டையோ, கொஞ்சம் கொட்டைப் பருப்போ இருந்தால் போதும். மசித்தால் இன்னும் நல்லது. செல் சுவர்கள் உடைந்து நிறமி வெளியே வரும்.

அடுத்து அம்மாவின் விஷயம். 'சர்க்கரை'வள்ளி என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுவது இயல்பு. பச்சைக் கிழங்கில் சர்க்கரை 4 கிராம் அளவு, உருளையில் 1 கிராமுக்கும் கீழ். இதை மட்டும் பார்த்தால் உருளைதான் பத்திரம் என்று தோன்றும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை இனிப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. இனிப்பே தெரியாத மாவுச்சத்தும் வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்பதே கேள்வி. அதை அளக்கும் கிளைசெமிக் இண்டெக்ஸில் குளுக்கோஸுக்கு 100. 55 வரை குறைவு, 70-க்கு மேல் அதிகம்.

இங்கேதான் வள்ளி ஆச்சரியப்படுத்துகிறது. தண்ணீரில் வேகவைத்தால் அதன் எண் 40-களில் நிற்கிறது. அதே கிழங்கை ஓவனில் வைத்துச் சுட்டால் 80-ஐத் தாண்டிவிடுகிறது! சுட்ட வள்ளியைப் பார்த்திருப்பீர்கள்: தோல் வெடித்த இடத்தில் பாகுபோல் ஒன்று கசிந்து, தட்டில் ஒட்டிக் கருகியிருக்கும். அந்தப் பாகில் கணிசமான பகுதி மால்டோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரை. வள்ளியில் இயற்கையாகவே அமைலேஸ் என்ற நொதி உண்டு. கிழங்கு மெல்ல மெல்லச் சூடாகி 60 முதல் 75 டிகிரி வரையில் இருக்கும் நேரத்தில், அது மாவுச்சத்தைக் கத்தரித்துக் கத்தரித்து மால்டோஸ் ஆக்குகிறது. எவ்வளவு மெதுவாகச் சுடுகிறோமோ அவ்வளவு இனிப்பு. பச்சையில் 4 கிராம் இருந்த சர்க்கரை சுட்டபின் 100 கிராமுக்கு ஆறரை கிராம் அளவுக்குப் போவது இதனால்தான். கூடவே நீண்ட வறண்ட சூட்டில் மீதி மாவுச்சத்தும் நன்றாகக் குழைந்து, எளிதில் செரிக்கிற நிலைக்கு வந்துவிடுகிறது.

உருளையும் இப்படித்தான் ஆளுக்கு ஒரு வேஷம் போடும். வகையையும் சமையலையும் பொறுத்து 50-களிலிருந்து 80-க்கு மேல் வரை போகும். மாவாக உதிரும் வகையைச் சுட்டோ மசித்தோ சூடாகச் சாப்பிட்டால் உச்சம். கெட்டியான சிறு கிழங்கை முழுதாக வேகவைத்து, ஆறவைத்துச் சாப்பிட்டால் நன்றாகக் குறையும். வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது நார்ச்சத்தைப்போல் பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. திரும்பச் சூடாக்கினாலும் ஒரு பகுதி அப்படியே இருக்கும். ஆகவே முதல் நாள் இரவு வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்த உருளையை மறுநாள் எலுமிச்சைச் சாறு பிழிந்து சாலட்டாகச் சாப்பிடுவது அம்மாவுக்கு நல்ல வழி. புளிப்பும் சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

எண்களைவிடவும் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அளவைப் பற்றி. தோல் நீக்கி வேகவைத்த 150 கிராம் உருளையில் சுமார் 30 கிராம் கார்போஹைட்ரேட், அதே அளவு வேகவைத்த வள்ளியில் சுமார் 27. கிட்டத்தட்ட சரிசமம். இரண்டும் தட்டில் தானியத்தின் இடத்தைப் பிடிக்க வேண்டியவை, காய்கறியின் இடத்தை அல்ல. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிடச் சொல்கிறதே, அந்தக் கணக்கில் உருளையும் சேராது, சர்க்கரைவள்ளியும் சேராது. வழக்கமான தானிய அளவைக் குறைக்காமல் அதன்மேல் கிழங்கையும் வைத்துக்கொண்டு, "வள்ளி சாப்பிட்டும் சர்க்கரை குறையவில்லையே" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிழங்கு வந்தால் தானியம் அந்த அளவுக்கு வெளியே போக வேண்டும். அம்மாவிடம் குளுக்கோமீட்டர் இருந்தால், அளந்த கிழங்கைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். எந்த அட்டவணையையும்விட அது அவர் உடம்பைப் பற்றிச் சரியாகச் சொல்லும்.

எடை குறைப்பதற்கு வருகிறேன். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில், அதாவது ஒவ்வொன்றும் சுமார் 240 கலோரி வரும்படி கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை யாருக்கு எவ்வளவு வயிறு நிறைந்த உணர்வு இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால், எல்லாவற்றிலும் முதலிடம் பிடித்தது வேகவைத்த உருளைக்கிழங்கு: 323. கடைசியில் வந்த க்ரோசான் என்ற வெண்ணெய் ரொட்டி 47. அதே உருளை பொரித்த ஃபிரெஞ்ச் ஃப்ரைஸாக வந்தபோது 116-க்கு இறங்கிவிட்டது. காரணம் பெரிய ரகசியமில்லை. 240 கலோரிக்கு வேகவைத்த உருளை கால் கிலோவுக்கு மேல் வரும், அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தச் சோதனையில் சர்க்கரைவள்ளி இடம்பெறவில்லை, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் உருளை எடை போடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு முடிவு போதும்.

பழி போக வேண்டிய இடம் எண்ணெய்ச்சட்டி. வேகவைத்த உருளையில் 100 கிராமுக்கு 86 கலோரி. ஃபிரெஞ்ச் ஃப்ரைஸில் 300-க்கு மேல். சிப்ஸில் 500-க்கும் மேல். மெல்லச் சீவிப் பொரிக்கும்போது தண்ணீர் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தில் எண்ணெய் குடியேறுகிறது. வள்ளியைப் பொரித்தாலும் இதேதான் நடக்கும். ஆரஞ்சு நிறத்தில் அழகான பாக்கெட்டில் வருகிற சர்க்கரைவள்ளி சிப்ஸும் 500 கலோரியைத் தாண்டுவதுதான். எனவே உங்கள் எடைக்கு வள்ளிக்கு மாறத் தேவையில்லை. பொரிப்பதிலிருந்து வேகவைப்பதற்கு மாறினால் போதும்.

வைட்டமின் சி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அட்டவணையில் பச்சை உருளையில் 20 மில்லிகிராம், பச்சை வள்ளியில் 2.4 மில்லிகிராம் என்று இருக்கும். உடனே உருளை எட்டு மடங்கு மேல் என்று எழுதிவிடுகிறார்கள். அதே அட்டவணையில் இரண்டு வரி தள்ளிப் பாருங்கள்: சுட்ட வள்ளியில் 19.6 மில்லிகிராம்! சூடு வைட்டமின் சியை அழிக்குமே தவிர உண்டாக்காது. வெவ்வேறு கிழங்குகளை, வெவ்வேறு நேரத்தில் அளந்ததால் வந்த முரண் இது. வகை, மண், அறுவடைக்குப் பின் எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்பதெல்லாம் எண்ணை மாற்றும். தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் வித்தியாசங்களை வைத்து ஒரு உணவை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டிலுமே ஓரளவு வைட்டமின் சி உண்டு, தோலோடு வேகவைத்தால் அதிகம் தங்கும் என்பது போதும். அந்த 'ஓரளவு' கூட சில நேரம் உயிரைக் காக்கும். 1845-இல் அயர்லாந்தில் உருளைப் பயிர் நோயால் அழியத் தொடங்கியபோது, பசியோடு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும் வந்தது. அதுவரை அந்த ஏழை மக்களுக்கு வைட்டமின் சி கொடுத்துக்கொண்டிருந்தது தினமும் கிலோக்கணக்கில் தின்ற உருளைக்கிழங்குதான்.

புரதம் குறைவு என்றாலும் உருளையின் புரதம் தரமானது. 1928-இல் கோன், க்ளைன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் ஓர் ஆணும் பெண்ணும் 167 நாட்கள் ஏறக்குறைய உருளையிலிருந்து மட்டுமே புரதம் பெற்று, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். யாரும் அப்படிச் சாப்பிட வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. 'வெறும் மாவு' என்று ஒதுக்கப்படும் கிழங்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வைட்டமின் பி6-இலும் உருளைக்குச் சற்று முன்னிலை. கால்சியம் வள்ளியில் கொஞ்சம் அதிகம், ஆனால் பாலோ கீரையோ இருக்கிற வீட்டில் அதை எண்ண வேண்டியதில்லை.

குழந்தைக்கு ஆரஞ்சு வள்ளியைத் தயங்காமல் கொடுங்கள். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 300 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ தேவை. சுமார் 40 கிராம் வெந்த கிழங்கு, அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி மசியல், அதைக் கொடுத்துவிடும். மசியலில் சில துளி எண்ணெயோ நெய்யோ கலந்துவிடுங்கள். உருளையையும் சேர்த்து மாறி மாறிக் கொடுங்கள். ஒரு முறை ஒரு தாய் தன் குழந்தையின் உள்ளங்கையை விரித்துக் காட்டி, மஞ்சள் காமாலையோ என்று கலங்கிப்போய் நின்றார். கையும் காலடியும் மூக்கு நுனியும் மஞ்சள். கண்ணின் வெள்ளை மட்டும் பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது. மூன்று வேளையும் வள்ளியும் கேரட்டும் கொடுத்திருக்கிறார். கரோட்டின் தோலில் தேங்கிய நிறம் அது. அளவைக் குறைத்தால் சில வாரங்களில் தானாக மறைந்துவிடும். பீட்டா கரோட்டினை உடல் தனக்கு வேண்டிய அளவே வைட்டமின் ஏ-ஆக மாற்றுவதால், மாத்திரையில் வருவதுபோல் நஞ்சாகாது. கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தால் கதை வேறு, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வாங்கி வைக்கும்போது இரண்டையும் பச்சையாக ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கடும் குளிரில் உருளையின் மாவு சர்க்கரையாகும், பிறகு பொரித்தால் கருத்துப்போய் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகம் உண்டாகும். வள்ளி 12 டிகிரிக்குக் கீழே போனால் நடுவில் கல்போல் இறுகி, எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது. இருட்டான, காற்றோட்டமுள்ள இடம் போதும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமான உருளையில் சொலனின் என்ற நச்சு கூடியிருக்க வாய்ப்புண்டு, அது வேகவைத்தாலும் போகாது. சிறிது பச்சை என்றால் தடிமனாகச் சீவி எறியுங்கள். பெரும்பகுதி பச்சை, அல்லது வாயில் வைத்ததும் கசக்கிறது என்றால் முழுக் கிழங்கையும் எறியுங்கள். வள்ளியில் பூஞ்சை பிடித்த பகுதியைச் சீவிவிட்டு மீதியைச் சமைப்பது இன்னும் ஆபத்து, ஏனென்றால் பூஞ்சை தாக்கிய வள்ளி தானே நச்சுப் பொருளை உண்டாக்கும்.

கடைசியாக அம்மாவின் சிறுநீரகம். மற்றவர்களுக்கு வரமாக இருக்கிற பொட்டாசியம் இங்கே கவலைக்குரியதாகிவிடுகிறது. தோலோடு சுட்ட உருளையில் 100 கிராமுக்கு 535 மில்லிகிராம், சுட்ட வள்ளியில் 475. இரண்டுமே அதிகம்தான். டாக்டர் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், உருளையை விட்டு வள்ளிக்கு மாறுவதால் பலன் கிடையாது. தோலைச் சீவி, சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உருளையில் இப்படிச் செய்தால் பொட்டாசியம் பாதியளவு குறையும். வெறும் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்தால் போதும் என்று சொல்வார்கள், அதில் அவ்வளவு இறங்காது, கொதிக்க வேண்டும். வைட்டமின் சியும் பி6-உம் அந்தத் தண்ணீரோடு போகும், அவருக்கு அது பரவாயில்லை. சிறுநீரகக் கல் இருந்த வரலாறு உண்டு என்றால், வள்ளியில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் இருப்பதையும் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். பொட்டாசியம், கிரியேட்டினின் அளவுகள் உள்ள கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கையில் எடுத்துப் போங்கள். வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு கிழங்கு என்பதை அதைப் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும்.